என் மூக்கில் காய்த்த திராட்சை

எட்டு வருஷம் நான் ஊரோடு சண்டை போட்டேன். பெருங்காயத்துக்கு வாசனை இல்லை என்று மளிகைக் கடைக்காரரோடு சண்டை. காப்பியில் மணமே இல்லை என்று மனைவியோடு சண்டை. ஏலக்காய், பச்சைக் கற்பூரம், மல்லிகைப்பூ எதுவும் தப்பவில்லை. இதற்கெல்லாம் காரணம் இந்தப் பாக்கெட் காலம்தான் என்று அடித்துச் சொன்னேன். தொண்ணூறுகளில் திருப்பதி பஜாரில் சாக்கு மூட்டைகள் மறைந்து, எல்லாச் சாமானும் பளபளவென்று பாலிதீனில் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்திருந்தது. அதில் அடைத்தால் வாசனை செத்துப்போகாமல் என்ன செய்யும் என்று கேட்பேன். குறை என் மூக்கில் இருக்கலாம் என்று ஒரு தடவைகூட, சத்தியமாக ஒரு தடவைகூட, எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு என் வேலையும் ஒரு காரணம். கீழ்த் திருப்பதியில் ஒரு மடத்தின் திருமடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற சமையல்காரன் நான். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக அடுப்புதான் வாழ்க்கை. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் சமைத்ததை நாங்கள் ருசி பார்க்கக் கூடாது. மோந்தும் பார்க்கக் கூடாது. மனுஷன் மூக்கு அனுபவித்துவிட்டு மிச்சம் வைத்த வாசனையையா அவருக்குக் கொடுப்பது? அதனால் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். உப்பு கைக்கணக்கு, புளி கண்கணக்கு. கடுகு வெடிக்கிற சத்தத்தை வைத்து எண்ணெய் காய்ந்த பதத்தைச் சொல்லிவிடுவேன்.

மற்ற சமையல்காரர்களுக்கு இந்த நியமம் பெரும் பாடு. துணிக்குள்ளும் வாசனை நுழைந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மூச்சை அடக்குவார்கள். எனக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. புளிக்காய்ச்சல் தளதளவென்று கொதிக்கும்போதுகூட நேரே அதன் மேல் குனிந்து கிளறுவேன், ஒன்றும் தெரியாது. அதை நான் என்னவென்று நினைத்தேன் தெரியுமா? யோகிகளுக்கு மாதிரி சித்தி கைகூடிவிட்டது என்று நினைத்தேன்! நியமம் முற்றி, மூக்கே அடங்கிவிட்டதாம். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர உள்ளுக்குள் தலைகால் புரியாத பெருமை. குறட்டை விடுகிறேன், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன், பாசுரம் சொன்னால் குரல் அடைத்துக்கொண்டு வருகிறது என்று மனைவி சொன்னதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை.

அப்போதுதான் அமெரிக்கா என்னைத் தேடி வந்தது.

அந்த வருஷங்களில் எங்கள் ஜில்லாவே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து குவைத்துக்குப் போனார்கள். எங்கள் தெருவில் இருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பறந்தான். போனவர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே ஒரு கோயிலைக் கட்டினார்கள். கோயில் கட்டினால் பெருமாளுக்குத் தளிகை பண்ண ஆள் வேண்டுமே! அப்படி ஒரு கோயில் கமிட்டியைச் சேர்ந்தவர், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர், ஆறு வார லீவில் வந்தவர், எங்கள் மடத்துக்கு ஆள் தேடி வந்தார்.

எனக்கு அப்போது நாற்பது வயது. மெட்ராஸையும் காஞ்சிபுரத்தையும் தாண்டிப் போனதில்லை. ஆனால் விமானப் பைத்தியம். ரேணிகுண்டாவில் இறங்குகிற சின்ன விமானம் தலைக்கு மேல் போனால் கரண்டியும் கையுமாக முற்றத்துக்கு ஓடிவருவேன். "கடல் தாண்டலாமா?" என்று மடத்துப் பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "பெருமாளே தாண்டிட்டார், அடியேன் தாண்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

வந்தவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. "அங்கே விறகடுப்பு கிடையாது, சுவாமி. எல்லாம் கேஸ்தான். பழக்கம் உண்டா?" என்று கேட்டார். மடத்தில் ஒரு வாரத்துக்கு முன்புதான் கேஸ் அடுப்பு வாங்கியிருந்தார்கள். "இது என்ன பெரிய வித்தை?" என்று அவரை அழைத்துப்போனேன். குமிழைத் திருகினேன். தீப்பெட்டியைத் தேடினேன். தேடுகிறபோதே என் புளியோதரையைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மேலும் கொஞ்ச நேரம் அளந்தேன். பிறகு ஒரு குச்சியை எடுத்தேன்.

அவர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஐயோ, நிறுத்துங்கோ! கேஸ்! இந்த நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"என்ன நாத்தம்?" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். குமிழை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்தார். அலமாரியில் இருந்து பெருங்காய டப்பாவை எடுத்து என் மூக்கடியில் நீட்டி, கண்ணை மூடச் சொன்னார். "இது என்ன?" எனக்கு டப்பாவின் குளிர்ச்சிதான் தெரிந்தது. அடுத்து எதையோ நீட்டினார். அதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் ஊதுபத்தி, ஏற்றிய ஊதுபத்தி!

"சுவாமி, அங்கே கட்டடம் எல்லாம் மரம். கேஸ் கசியறது தெரியாத ஒருத்தரை அடுப்பங்கரையில விட்டா, பெருமாளும் மிஞ்ச மாட்டார், நாமும் மிஞ்ச மாட்டோம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "லீவு முடிஞ்சு கிளம்பற அன்னிக்குக் காலம்பற இங்கே வந்துட்டுத்தான் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போவேன். அதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டி, ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வாங்கி வையுங்கோ. வாசனை திரும்பிடுத்துன்னா, எனக்கு முன்னால கேஸ்ல ஒரு புளியோதரை பண்ணிக் காட்டுங்கோ. பேப்பர்ல அங்கேயே கையெழுத்துப் போடறேன். இல்லாட்டா ஸ்ரீரங்கத்துல இன்னொருத்தர் தயாரா இருக்கார்."

ஆறு வாரம்! அதற்குள் எனக்கு ஒரு மூக்கு வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் காப்பி நன்னாத்தான் இருந்ததா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"எட்டு வருஷம்! மூணு கடை மாத்தினேன். கொட்டையை நானே வறுத்து நானே அரைச்சேன். என் கைக்கு மணமே போயிடுத்துன்னு நெனச்சிண்டிருந்தேனே, பாவி!" என்று கத்தினாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பாவி என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு வேண்டியதுதான். மறுநாள் காலையில் அவளே என்னை இழுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாள்.

அந்த டாக்டரம்மா நாகலாபுரம் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவரே பிறகு சொன்னார். நர்ஸ்களிடம் தெலுங்கு, மருந்துக் கம்பெனிக்காரரிடம் இங்கிலீஷ். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து ஊர்ப்பேச்சுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சாமி, எத்தினி வருசமா மூக்கு அடச்சிக்கினு இருக்குது?"

"அடைக்கலை. அடங்கியிருக்கு," என்றேன் நான். மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டரம்மா புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தார். பென்சில் கனத்தில் ஒரு குழாய். அதன் நுனியில் வெளிச்சம். குழாய் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் டிவியில் தெரியும். மரத்துப்போகிற மருந்தை மூக்கில் அடித்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, குழாயை உள்ளே விட்டார். டிவியில் என் மூக்கு! கிரிக்கெட் மட்டுமே பார்த்த டிவியில் என் மூக்கின் உட்புறம், கலரில்! ஒரு ஈரமான குகை. அதன் கூரையில் இருந்து கொத்தாக எதுவோ தொங்கியது. வெளிறிப்போய், உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி, மினுமினுவென்று.

"தோல் உரிச்ச திராட்சை!" என்று மனைவி கத்தினாள்.

"கரெக்டா சொல்லிட்டீங்கம்மா. இதான் பாலிப். கட்டின்னு சொல்றோமே தவிர இது புதுசா மொளச்ச சதை இல்ல. மூக்குக்குள்ள இருக்கிற தோல்தான். அதுல தண்ணி கோத்துக்கினு ஊதி ஊதி, கனம் தாங்காம கீழ தொங்கிடுது. இப்ப பாருங்க." குழாயின் பக்கத்தில் ஒரு கம்பியை விட்டு அந்தத் திராட்சையைத் தட்டினார். அது ஊஞ்சல் மாதிரி ஆடியது. "வலிக்குதா?"

"இல்லையே!"

"வலிக்காது. ரத்தமும் வராது. வாசன புடிக்கிற நரம்பு மேல, ரெண்டு கண்ணுக்கு நடுவால கூரையில இருக்குது. இது வழிய அடச்சிக்கினா காத்து அங்க போவாது. அப்புறம் எங்கேர்ந்து சாமி வாசன வரும்?"

"அப்போ சித்தி இல்லையா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வழி அடைத்திருந்தால் திறந்துவிடலாமே! "இன்னொரு தடவை ஆட்டிக் காட்டுங்கோ," என்று கேட்டேன். அவரும் ஆட்டிக் காட்டினார்.

இடது பக்கம் முடிந்து வலது பக்கம் போனார். அங்கேயும் அதே கொத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், மூக்கின் வாசலிலேயே, ஒன்று மட்டும் சிவப்பாக, தடிப்பாக இருந்தது. கம்பியால் தொட்டதும் ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா டிவிக்குக் கிட்டே குனிந்தார். குழாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, குளத்துல குளிக்கிறீங்களா?"

"தினமும் கோயில் புஷ்கரணியிலதான் ஸ்நானம். ஏன்?" எனக்குச் சுருக்கென்றது.

"குளத்துத் தண்ணியில ஒரு கிருமி இருக்கும். எங்க ஊர்ல ஏரியில எறங்கி வேலை செய்றவங்க மூக்குல அது பூந்துக்கினு ஒரு செகப்புக் கட்டிய வளக்கும். சாந்திபுரம் பக்கம் பட்டுப்பூச்சிக்கு வளக்கிறாங்களே மல்பெரி, அந்தப் பழம் மாதிரியே இருக்கும். மேல வெள்ள வெள்ளயா புள்ளி. தொட்டா ரத்தம் கொட்டும்."

"புஷ்கரணித் தீர்த்தத்துல கிருமியா? என்ன பேச்சு பேசறேள்!" என்று எழுந்துவிட்டேன், குழாயை அவர் இன்னும் கையில் பிடித்திருக்கும்போதே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை உட்காரவைத்துவிட்டு, மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் வெள்ளயா தொங்கினா நான் பயப்படறதே இல்லம்மா. ஒரு பக்கம் மட்டும் ஒண்ணு செகப்பா, மத்ததுக்கு மாறா இருந்தா, சும்மா உட முடியாது. கிருமிக் கட்டியா இருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம். எல்லாத்தையும் எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. விமானம் போயிற்று, அமெரிக்கா போயிற்று, பெருங்காயம் போயிற்று. மனைவி மட்டும் நிதானமாக, "எப்போ எடுக்கறேள்?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் எடுத்தார். மூக்கை மட்டும் மரத்துப்போகச் செய்து, முகத்தில் துணியைப் போட்டு மூடி, டிவியைப் பார்த்தபடியே வேலை செய்தார். வலி இல்லை, சத்தம் கேட்டது. பச்சை வெண்டைக்காயை ஒடிப்பது மாதிரி தலைக்குள்ளேயே நறுக் நறுக்கென்று. ஒவ்வொரு திராட்சையும் வெளியே வரும்போது, "இன்னொண்ணு, சாமி!" என்று டாக்டரம்மா குரல் கொடுப்பார். பதினொன்று வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எடுத்ததையெல்லாம் மருந்துத் தண்ணீர் நிறைந்த இரண்டு பாட்டில்களில் போட்டார்கள். சிவப்பு ஒரு பாட்டில், வெள்ளை ஒரு பாட்டில். எங்கள் ஊர்களில் அதைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது நோயாளி வீட்டாரின் வேலை. என் மனைவி இரண்டு பாட்டிலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்று கேட்டாள்: "டாக்டர், இதைத் தொட்டா தீட்டு உண்டோ? குளிக்கணுமா?"

அத்தனை படித்த டாக்டரம்மா அந்தக் கேள்விக்கு விழித்தார். "அவர் மூக்குல இருந்த வரைக்கும் தீட்டு இல்லதானே, அம்மா?" என்று கடைசியில் கேட்டார். மனைவி யோசித்துப் பார்த்து, அது சரி என்று ஒப்புக்கொண்டு போய்விட்டாள். ஆனால் திரும்பி வந்ததும் குளித்தாள்.

இரண்டு நாள் கழித்து மூக்கில் திணித்திருந்த துணி நாடாவை உருவினார்கள். அடேயப்பா! உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. என் மூளையையும் சேர்த்துத்தான் இழுக்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். உருவி முடித்ததும் மூச்சு உள்ளே போயிற்று. மூக்கு வழியாக! எட்டு வருஷத்துக்குப் பிறகு குளுகுளுவென்று காற்று நெற்றிவரைக்கும் ஏறியது. ஆனால் வாசனை இல்லை. "வீக்கம் வடியணும் சாமி, அவசரப்படாதீங்க," என்று டாக்டரம்மா மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார்.

பரிசோதனைக்குப் போனதற்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரம் நான் மடத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குள் நடந்தேன். யார் வந்தாலும் திராட்சைக் கதையைச் சொன்னேன். சிவப்பு ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைப் பற்றி நானும் மனைவியும்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அவள் எனக்குத் தெரியாமல் பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாளோ, அந்த வாரம் முழுக்க அவள் காப்பியே குடிக்கவில்லை.

ஏழாம் நாள் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டை நீட்டி, "கேன்சர் இல்ல சாமி. கிருமியும் இல்ல," என்றார். மனைவி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு என்னவோ சட்டென்று நம்பிக்கை வரவில்லை. "பின்னே ஏன் சிவப்பா இருந்தது? எனக்குக் காட்டுங்கோ," என்று பிடிவாதம் பிடித்தேன். வேறு டாக்டராக இருந்தால் விரட்டியிருப்பார். இவர் என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று ரோஜா நிறமும் ஊதாவுமாக ஒரு கோலம்! இழை இழையாக, நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்களோடு.

"அந்த காலியா இருக்கிறதெல்லாம் தண்ணி நின்ன எடம். இப்ப செகப்பா சின்னச் சின்னதா புள்ளி தெரியுதா? நெறய?"

"தெரியறது, தெரியறது! கேழ்வரகு கொட்டின மாதிரி!"

"அதெல்லாம் உங்க ரத்தத்துல இருக்கிற காவக்கார அணுங்க. எதையோ எதிரின்னு நெனச்சிக்கினு கூட்டமா வந்து உக்காந்துகினு இருக்குது. அதுங்க போடுற சண்டையிலதான் தோல் ஊதிப்போவுது."

"எதை எதிரின்னு நெனச்சுது?"

"தூசியா இருக்கலாம், பொகையா இருக்கலாம். சிலருக்கு ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது சாமி. தெரியாததை தெரியும்னு நான் சொல்லமாட்டேன்."

அப்புறம் கண்ணாடித் தகட்டை மாற்றினார். இது அந்தச் சிவப்புக் கட்டி. இதன் உள்ளேயும் அதே கோலம், அதே கேழ்வரகு. ஆனால் விளிம்பில் தடிமனாக, அடுக்கு அடுக்காக ஒரு வரப்பு. மூக்குக்குள் இருக்கிற தோல் மெல்லிசாம். அதன் மேல் பொடி மயிர்கள் வரிசையாக இருக்குமாம். இந்த ஒரு திராட்சை மட்டும் வாசல்வரை இறங்கி வந்துவிட்டதால், வெளிக்காற்று பட்டுப் பட்டு, எதுவோ உரசி உரசி, குதிகால் தோல் மாதிரி தடித்துப் புண்ணாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

"அப்படி எது உரசும் சாமி? விரலை உடுவீங்களா?"

நான் துணி கட்டிக்கொள்வதைச் சொன்னேன். ஏன் கட்டுகிறோம் என்பதையும் சொன்னேன். டாக்டரம்மா என் மூக்கைப் பார்த்தார். "எட்டு வருசமா வாசனையே தெரியாத மூக்குக்குக் கட்டு போட்டுக்கினு இருந்தீங்களா?" என்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்கும் தொற்றிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் அங்கே ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளம்பும்போது, இது திரும்பவும் வளரக்கூடியது, மருந்தை விடக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ரிப்போர்ட் கைக்கு வந்தாயிற்று. இனி வாசனைதான் பாக்கி. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. காலையில் எழுந்ததும் மனைவி என் கண்ணைக் கட்டி ஒவ்வொன்றாக நீட்டுவாள். எலுமிச்சை, கற்பூரம், மண்ணெண்ணெய். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவர் கிளம்பும் நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்கு மளிகைக் கடை வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். எட்டு வருஷமாகச் சண்டை போட்ட அதே கடை. திடீரென்று யாரோ நெற்றியில் அறைந்த மாதிரி இருந்தது. நின்றேன். திரும்பினேன். பெருங்காயம்! கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போய் அவர் கையில் இருந்து பிடுங்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"இன்னா சாமி, மறுபடியும் சண்ட போட வந்தியா?" என்றார் அவர். புத்தூர்ப் பக்கத்து மனிதர். என்னைவிட ஒரு பங்கு கூடுதல் கோபக்காரர்.

"வாசனை வருது ஓய்! உம்ம பெருங்காயத்துல வாசனை வருது!"

"அது எப்பவும் வந்துக்கினுதான் இருக்குது. நீதான் ஊர் பூரா என் சரக்கு மட்டம்னு சொல்லிக்கினு திரிஞ்சே. மடத்து ஆர்டரே போச்சு எனக்கு."

வாஸ்தவம். என் பேச்சை நம்பித்தான் மடத்தில் கடையை மாற்றினார்கள். நடுக்கடையில், எல்லார் முன்னாலும், "என் மேலதான் தப்பு" என்று கும்பிட்டேன். அவர் எதிர்பார்க்கவில்லை, கல்லாவைத் தட்டி, "சரி உடு சாமி, மூக்கு ஆண்டவன் குடுக்கிறது" என்றார். அன்று மாலையே மடத்தில் சொல்லி ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொடுத்தேன். அந்தப் பத்து நாளும் நான் தெருத் தெருவாக மோந்துகொண்டு திரிந்தேன். மழை விழுந்த தார் ரோடு, பஸ் ஸ்டாண்டு, பூக்கடை, சாக்கடை, எல்லாமே அமிர்தம். மனைவியின் தலையை மோந்து பார்த்தேன். நடுக்கூடத்தில் வைத்து இப்படியா என்று தள்ளிவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. காலை எட்டு மணிக்கு அமெரிக்காக்காரர் வந்து இறங்கினார். வாசலில் கார் நின்றது. பதினோரு மணிக்குக் கிளம்பினால்தான் மெட்ராஸில் விமானத்தைப் பிடிக்க முடியும். ரிப்போர்ட்டைப் படித்தார். கண்ணை மூடச் சொல்லி எதையோ நீட்டினார். "சாம்பிராணி," என்றேன். "இது?" "உங்க கைக்குட்டை, சென்ட் போட்டிருக்கு." அவர் என்னைக் கட்டிக்கொண்டார். "இனிமே ஃபார்மாலிட்டிதான், சுவாமி. புளியோதரையைப் பண்ணுங்கோ, மடத்துப் பெருமாள் அமுது செய்யட்டும், பிரசாதத்தை வாயில போட்டுண்டு கையெழுத்துப் போட்டுடறேன்." பேப்பரும் பேனாவும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தன.

துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கேஸைப் பற்றவைத்தேன். நல்லெண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, புளிக்கரைசலை விட்டேன். கொதித்து வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது வறுத்த வெந்தயப்பொடியையும் பெருங்காயத்தையும் போட்டேன். அவ்வளவுதான். துணியைத் துளைத்துக்கொண்டு வந்தது அது. மூன்று தலைமுறையாக நாங்கள் பண்ணுகிற புளிக்காய்ச்சல். என் கையால் நூறு தடவையா, ஆயிரம் தடவையா, கணக்கே இல்லாமல் பண்ணியது. எட்டு வருஷமாக எனக்கு அது வெறும் நிறமும் சத்தமும்தான்.

கை தானாகப் போயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். நான்தான் செய்தேன். துணியை மோவாய்க்குக் கீழே இறக்கினேன். ஆவிக்குள் முகத்தை விட்டு, வயிறு முட்ட மூச்சை இழுத்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது யாரும் இல்லை. அவர் டிரைவரிடம் பேச வாசலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, "ஆச்சா, சுவாமி?" என்றார்.

"ஆகலை. மோந்து அனுபவிச்சுட்டேன். இதைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ண முடியாது. முதல்லேர்ந்து பண்ணணும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்தார். "புளி ஊறி, அது கொதிச்சு, சாதம் ஆறி... எத்தனை நாழி?"

"ரெண்டு மணி நேரம்."

"நேக்கு அவ்வளவு நேரம் இல்லையே! யார் பார்த்தா, சுவாமி? வாசனை தெரியணும்னுதானே ஆபரேஷனே பண்ணிண்டேள்? இதையே அமுது செய்யப் பண்ணுங்கோ. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்." அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்காகத்தான் கெஞ்சினார். "அங்கே வந்தா நூறு பேருக்கு நாலு அடுப்பு. இப்படி ஒவ்வொரு தடவையும் கொட்டிண்டிருந்தா எப்படி நடத்தறது, சொல்லுங்கோ."

என்னால் முடியவில்லை. முடியாது என்று கோபமாகக்கூடச் சொன்னேன். கோபம் என் மேல்தான். அவர் பேனாவைப் பைக்குள் சொருகிக்கொண்டு, என் ரிப்போர்ட்டை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். முதல் பாத்திரம் மடத்து மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. துணியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, திரும்பவும் பண்ணினேன். மூச்சை அடக்குவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போனால், மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "ஏன்னா, பிளேனா?" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை இழுத்தது வரை மறைக்காமல் சொன்னேன். இன்னொரு பாவி விழும் என்று காத்திருந்தேன்.

அவள் என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். "எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"எது?"

"வாசனை."

சொன்னேன். முதலில் நல்லெண்ணெய் வந்ததைச் சொன்னேன், அதன் பின்னால் புளி வந்ததை, புளியைத் தள்ளிக்கொண்டு வெந்தயம் வந்ததை, எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கிப் பெருங்காயம் ஏறியதைச் சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியாமல் எழுந்துவிட்டேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அமெரிக்கா போயிடுத்தேன்னு அழுதுண்டு வருவேள்னு நெனச்சேன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.